வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது?

வன்னியில் ஒரு வீட்டில் திருமணம் என்றால் பொன்னுருக்கலுக்கும் தாலிகட்டுக்கும் இடையில் சில நாட்கள் கிடைக்கும். பொன்னுருக்கிய பின்னர் மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே திரியக்கூடாது என்பது வழக்கம். பந்தல்காரர், பலகாரச் சூடு, மண்டபத்து முற்பணம் என்று வீட்டுக்காரருக்கு மூச்சுவிட நேரமிராது. ஆனால், கடல் கடந்து வந்திறங்கிய உறவினருக்கு இந்நாட்களில் செய்வதற்கு எதுவும் இராது. "எங்கேயாவது சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று அவர்கள் புறப்படும்போது, வவுனியாவிலும் சரி, கிளிநொச்சியிலும் சரி, முல்லைத்தீவிலும் சரி, வீட்டுக்காரர் சொல்லும் பதில் ஒன்றாகவே இருக்கிறது: "இஞ்ச பாக்க என்ன கிடக்கு? யாழ்ப்பாணம் போங்கோ, நல்லூரைப் பாருங்கோ. இல்லாட்டித் திருகோணமலைக்குப் போங்கோ."

இது தன்னடக்கத்தினால் வரும் பதில் என்பதை நான் அறிவேன். ஆயினும் இது பிழையான பதில். அதன் விளைவு, சொல்பவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஏனெனில், நாம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு விலகும் இடத்தில் வேறொருவர் தமது பட்டியலை நீட்டுகிறார். வந்தவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, வன்னியைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள்.

அண்மையில் கிளிநொச்சியில் நடந்த ஓர் உறவினர் திருமணத்துக்கு என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையும் அவருடைய கணவரும் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். இருவருக்கும் சொந்த இடம் வலிகாமம். 1990களின் தொடக்கத்தில் நாட்டைவிட்டுப் போனவர்கள். கிளிநொச்சி அவர்களுக்கு முற்றிலும் புதிய நகரம். "யாழ்தேவியின் ஜன்னலால பாத்த காடுதான் அண்ணை எங்களுக்கு வன்னி. முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கினதோட சரி" என்றார் அவர். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர் பலருக்கும் இது பொருந்தும். அக்காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு வன்னிக்கு இடமாற்றம் கிடைத்தால் அது தண்டனையாகவே கருதப்பட்டது. காடு, நுளம்பு, மலேரியா ஆகிய மூன்று சொற்களில் வன்னி அடங்கிவிட்டது.

திருமணத்துக்கு முந்திய இரண்டு நாட்களில் இத்தம்பதியினர் ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். வான் ஓட்டிய இளைஞர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். முதல் நாள், போரில் வீழ்த்தப்பட்ட தண்ணீர்த் தாங்கி இருந்த இடம், நகரின் நடுவில் இருக்கும் இராணுவ நினைவுச் சின்னம், ஆனையிறவு. இரண்டாம் நாள், பரந்தன் சந்தியிலிருந்து விசுவமடு வழியாகப் புதுக்குடியிருப்பு வெற்றிச் சின்னம், பின்னர் முல்லைத்தீவுக் கடற்கரை. மாலையில் பந்தலின் கீழிருந்து கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். பீரங்கிக் குண்டு துளைத்த கொங்கிறீற்றுக் கட்டியும் அதன் உச்சியில் மலர்ந்த தாமரையும் இருந்தன. நாட்டின் வரைபடத்தை ஏந்திய கைகள் இருந்தன. ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கொடியுமாக எழும் சிப்பாய் இருந்தார். வன்னியில் வாழும் மனிதர் ஒருவர்கூட அப்படங்களில் இல்லை.

அப்போது மனைவியின் தங்கை ஒரு விடயத்தைச் சொன்னார். புதுக்குடியிருப்பைக் கடந்து முல்லைத்தீவு நோக்கிப் போகும் வழியில் ஓரிடத்தில் வான் சற்று வேகம் குறைந்ததாம். "தம்பி, இது எந்த இடம்?" என்று இவர் கேட்டிருக்கிறார். "முள்ளிவாய்க்கால் அக்கா. பாக்க ஒண்டும் இல்லை" என்று அவர் சொல்லிவிட்டு நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். வட்டுவாகல் பாலத்தில் ஏறும்போது, யாரும் கேளாமலே, "பத்து வயசில இந்தப் பாலத்தாலதான் நடந்து வந்தனாங்கள்" என்றாராம். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

"அத்தான், அந்தப் பெடியன் ரெண்டு நாளா எங்களுக்கு எல்லாத்தையும் காட்டினான். தான் நடந்து வந்த இடத்தை மட்டும் காட்டேல்லை" என்று அவர் சொன்னபோது பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தன் வாழ்வின் மிகக் கொடிய நாட்களை வாடகைக்கு வந்தவர்களுக்கு விரித்துக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இல்லை. தன்னிடம் கேட்கப்படும் இடங்களின் பட்டியலையே அவர் காட்டினார். கேள்வி வேறு. அந்தப் பட்டியலை எழுதியது யார்?

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. மே மாதம் போர் முடிந்தது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து ஏ-9 வீதி வழியாகத் தென்னிலங்கைச் சுற்றுலாப் பேரூந்துகள் சாரிசாரியாக வந்தன. அதே காலத்தில் வன்னி மக்களில் பெருந்தொகையினர் வவுனியா செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். ஊரார் ஊருக்குத் திரும்பும் முன்னரே உல்லாசப் பயணிகள் அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2012 இல் நந்திக்கடலோரம் இராணுவம் ஒரு விடுமுறை விடுதியையும் திறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மக்கள் செத்து விழுந்த நீரேரியின் கரை அது.

எந்தச் சிதைவை வைத்திருப்பது, எதை அகற்றுவது என்பதும் அப்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. புலிகள் பின்வாங்கும்போது தகர்த்ததாக அரசாங்கம் கூறிய கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி, விழுந்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனருகே நினைவுப் பொருள் விற்கும் கடையும் ஒரு காலத்தில் இருந்தது. புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலக்கீழ் மாளிகை சில ஆண்டுகள் பயணிகளுக்குக் காட்டப்பட்டு, 2013 ஒக்டோபரில் இராணுவத்தினாலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை முதலிய இடங்களில் இருந்த துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. முள்ளிவாய்க்காலில் மக்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் 2021 மே மாதத்தில், நினைவுநாளுக்குச் சில தினங்களுக்கு முன்னர், இரவோடிரவாக உடைக்கப்பட்டது. அங்கு நாட்டுவதற்கெனக் கொண்டுவரப்பட்ட நினைவுக்கல்லும் காணாமற்போனது.

ஆக, ஒரு பயணி வன்னியில் காண்பவை தற்செயலாக எஞ்சியவை அல்ல. தெரிந்தெடுக்கப்பட்டு எஞ்சியவை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையில், இறுதிப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று கூறப்பட்டது. அந்த வீதியில் இரண்டு நாட்கள் பயணம் செய்த ஒரு தமிழ்த் தம்பதியினரின் நாற்பது படங்களில் அவ்வாறு இறந்தோருக்கான தடயம் ஒன்றுமேயில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆனையிறவில் தன் மகனை இழந்த சிங்களத் தாய் ஒருத்தி அங்கு வந்து கண்ணீர் விடுவதை நான் மதிக்கிறேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவளுடைய மகனுக்குக் கல் இருக்கிறது என்பதல்ல என் முறைப்பாடு. வட்டுவாகலுக்கு இப்பால் மகனை விட்டுவிட்டு வந்த தாய்க்குக் கல் இல்லை என்பதே. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுகளைக் கடந்து நீண்டது. தீர்வைக் காணாமலே அத்தாய்மாரில் பலர் இறந்துபோனார்கள். சுற்றுலாப் பட்டியல் எதிலும் அந்தக் கொட்டில் இடம்பெற்றதில்லை.

யப்பானின் ஹிரோஷிமா நகரத்து நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அணுகுண்டு வீச்சில் எலும்புக்கூடாக எஞ்சிய மாடக் கட்டடத்தை இடித்துவிட வேண்டும், அதைப் பார்க்கவே நெஞ்சு பொறுக்கவில்லை என்றார்கள் உயிர் தப்பியவர்களில் ஒரு சாரார். வைத்திருக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இருபது ஆண்டுகளாக விவாதம் நடந்தது. இறுதியில் 1966 இல் அந்நகர சபை அதைப் பாதுகாக்கத் தீர்மானித்தது. 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. இதில் முக்கியமானது கட்டடம் காப்பாற்றப்பட்டது என்பதன்று. வைப்பதா இடிப்பதா என்ற விவாதத்தை அந்த ஊரார் தாமே நடத்தித் தாமே முடிவு செய்தார்கள் என்பதாகும். வன்னி மக்களிடம் அப்படியொரு கேள்வியை எவரும் கேட்கவில்லை.

இது ஒருபுறமிருக்க, எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் மீது போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. போரை விட்டால் வன்னியில் வேறொன்றுமில்லை என்ற எண்ணத்தை வளர்த்தவர்கள் நாங்களும்தான். பட்டியலில் இல்லாத சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட குளம். 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து காணியற்றவர்கள் வந்து காடு வெட்டிக் குடியேறியதும் இக்குளத்தை நம்பித்தான். கிளிநொச்சி என்ற ஊர் அவ்வாறு வளர்ந்தது. 1984 இல் அது தனி மாவட்டமாயிற்று. 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னர் கிளாலிக் கடலைக் கடந்து வந்த யாழ்ப்பாணத்தவருக்கும் இடம் கொடுத்தது இந்த வன்னி மண்ணே. பின்னாளில் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அதை ஒரு தன்னலமாகவே பார்த்த யாழ்ப்பாணத்தவர் பலர், அந்த அணைக்கட்டில் ஒருநாளேனும் நின்று, அத்தண்ணீரை நம்பி விதைக்கப்படும் வயல்களைப் பார்த்திராதவர்கள்.

நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிக்கும் மரபு இருக்கிறது. மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், அதனால் பத்தாம் பளை என்று பெயர் சொல்லும் ஐதிகமும் உண்டு. கணவனைக் கொன்ற அரசனிடம் நீதி கேட்டுப் போனவளின் கோவில் அந்த நீரேரியின் கரையில் இருப்பதை எண்ணிப் பார்க்கும் எவரும், "இங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லத் துணியார். அதற்கு அண்மையில் கேப்பாப்புலவு. தமது காணிகளைக் கேட்டு 2017 இல் பெண்கள் முகாம் வாசலில் இரவு பகலாக இருந்த ஊர். அவர்களில் பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதத்தின் பின்னர் தம் காணிக்குள் காலடி வைத்தார்கள். அது வன்னி கண்ட வெற்றிகளில் ஒன்று. அதற்குச் சின்னம் எதுவுமில்லை.

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1803 ஓகஸ்ற் 25ஆம் திகதி முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் டிறிபேக் தோற்கடித்த இடம் இதுவே என்று அறிவிக்கும் கல் ஒன்றை ஆங்கிலேயர் அங்கே நாட்டினார்கள். அது ஒரு வெற்றிச் சின்னம். வென்றவனின் பெருமையைச் சொல்வதற்காகவே நடப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? டிறிபேக்கை நினைத்து அங்கு போகிறவர் எவருமில்லை. போகிறவர்கள் எல்லோரும் பண்டாரவன்னியனுக்காகவே போகிறார்கள். முல்லைமணி அவனைப் பற்றி நாடகம் எழுதினார். தமிழகத்தில் கலைஞர் கருணாநிதி நாவல் எழுதினார். வவுனியாவில் சிலை எழுந்தது. தோற்றவனின் பெயரையும் தோற்ற நாளையும் வென்றவனே கல்லில் வெட்டிக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான்.

இதிலிருந்து நான் படிக்கும் பாடம் இதுதான். ஒரு கல்லின் பொருளை அதை நட்டவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தேடி வருபவரும், வந்தவருக்கு அருகில் நின்று கதை சொல்பவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள். கதை சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் கல் சொல்வதே முடிந்த முடிபாகிவிடுகிறது.

"சாவீட்டைக் காட்சிப் பொருளாக்குவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புகைப்படக் கருவியுடன் வருவோருக்கெல்லாம் தம் பிள்ளையின் படத்தை ஏந்திக் காட்டிக் களைத்துப்போன தாய்மாரை நான் தொழில் நிமித்தம் பல ஆண்டுகள் கண்டவன். அவர்களை மேலும் களைப்படையச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசினால் விசாரணைக்கு ஆள் வரும் என்ற அச்சமும் எம்மவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. அதையும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், குளத்தங்கட்டில் நின்று குளத்தின் கதையைச் சொல்வதற்கு அச்சம் எதற்கு? கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போவதற்கு எவருடைய அனுமதி வேண்டும்? முள்ளிவாய்க்காலில் ஐந்து நிமிடம் வாகனத்தை நிறுத்தி, படமெடுக்காமல் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போவதற்கு வழிகாட்டியும் தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை. வீதியை விட்டு இறங்கிப் பற்றைக்குள் போகாமல் இருந்தாற் போதும். முகமாலையில் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது என்பதை வருபவர்கள் மறக்கக்கூடாது.

செய்யக்கூடியவை சிறியவை. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் எமது பிரதேச சபைகளுக்கு மீண்டும் உறுப்பினர்கள் கிடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளத்தின் வாசலிலும், ஒவ்வொரு பழைய கோவிலின் சந்தியிலும், மும்மொழியிலும் நான்கு வரி எழுதிய பெயர்ப்பலகை ஒன்றை நடுவதற்குக் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை உயர்தர வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யலாம். 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைநூலே எழுதி வைத்தார். அந்நியன் ஒருவன் காட்டிய அக்கறையை எமது சபைகள் காட்டக்கூடாதா?

வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நேரச் சாப்பாட்டை எமது பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்தில் சாப்பிடுங்கள். குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் காசு இந்த மண்ணிலேயே தங்கும். வான் ஓட்டுபவரிடம் "எதைப் பார்க்கலாம்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "தம்பி, உமக்கு எந்த ஊர், நீர் எங்க படிச்சனீர்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் விரும்பினால் சொல்வார். விரும்பாவிட்டால் அந்த மௌனத்தையும் மதியுங்கள்.

திருமண வீட்டாருக்கு நான் சொல்ல விரும்புவது இதனிலும் எளிது. அழைப்பிதழின் பின்புறத்தில் மண்டபத்துக்கு வரும் வழியை வரைபடமாகப் போடுகிறீர்கள். ஏ-9 வீதியும் பிள்ளையார் கோவில் சந்தியும் அதில் இருக்கின்றன. அடுத்த முறை அந்த வரைபடத்தைச் சற்று அகலமாக வரையுங்கள். இரணைமடுவுக்கு ஒரு கோடு, ஒட்டுசுட்டானுக்கு ஒரு கோடு, வற்றாப்பளைக்கு ஒரு கோடு, வட்டுவாகலுக்கு ஒரு கோடு. வீட்டில் அலுவல் இல்லாமல் இருக்கும் பெரியப்பா ஒருவரை, ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மாமி ஒருவரை, வந்தவர்களோடு வானில் ஏற்றி அனுப்புங்கள். பந்தலுக்கு ஓலை பின்ன இப்போது ஆளுக்கு வேலையில்லை. கதை சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது என்று இனி எவராவது கேட்டால், "பொழுதிருந்தால் வாருங்கள், கூட்டிப்போகிறேன்" என்பதே எமது பதிலாக இருக்கட்டும்.